அண்ணி தேர்ந்தெடுத்த ஓவர்லாக் மிஷின்

எங்கள் வீட்டுக்கு ஓவர்லாக் மிஷின் வந்தது மலாயா சுதந்திரம் அடைந்த மெர்டேக்காவுக்கு ஐந்தாறு மாதம் முன்னால். துணியின் ஓரத்தை வெட்டி, வெட்டிய கையோடு பிசிறு பிரியாமல் நூலால் பின்னிவிடுகிற மிஷின் அது. தையல் வேலை பெருகிவிட்டதால் வாங்குகிறேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். தைக்கக் கொடுக்கிற பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் அதை வாங்கியது என் நாத்தனாரை வீட்டை விட்டுக் கிளப்ப. இதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. பாதியை இரண்டு பேரிடம் சொன்னேன். அந்த இரண்டு பேரும் இப்போது இல்லை.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரரின் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவர் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை, செத்த சேதியும் வரவில்லை. அதனால் பொட்டு வைத்துக்கொண்டு, தம்பி வீட்டில் இருந்தார். நான் கல்யாணமாகி, டவுனை ஒட்டிய காஜா பேராங்குக்கு வந்தபோது மாமியார் உயிரோடு இல்லை. அடுப்படி அண்ணி கையில் இருந்தது.

நான் ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பால் வெட்டி வளர்ந்தவள். அண்ணி டவுனில் வளர்ந்தவர், ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி வீட்டுப் பெண். அந்த வித்தியாசத்தை ஒரு நாளும் அவர் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை. எனக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. பாயில் சுருண்டு கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் பார்க்க வந்திருந்தாள். அவளிடம் அண்ணி சொன்னார்:

"பால் வாளி தூக்கின இடுப்பு. பிள்ளைய எப்படித் தாங்கும்?"

தாழ்ந்த குரலில்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் எனக்காகத் தைத்துக்கொண்ட ரவிக்கை பச்சை வாயில் துணி. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பேர் வைக்கும் வீட்டுக்குப் போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்து, ரவிக்கையின் கை ஓரத்தை உள்பக்கமாகத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். உள்ளே நூல்நூலாகப் பிரிந்து கிடந்தது.

"வெளியில பாத்தா துணி. உள்ள பாத்தா எலி கடிச்சு வச்சிருக்கு," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு நாங்கள் குடியிருந்த கம்போங்கின் கோடியில் இருந்த ஒரு சீனத் தையல்காரியிடம் போய் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். மூன்று வருடத்தில் கவுன், பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தேன். மகனும் பிறந்தான். வீட்டுக்காரர் தண்ணீர் இலாகாவில் கிராணி. அவர் சம்பளத்தோடு என் தையலும் சேர்ந்து வீடு நடந்தது. அண்ணியின் குரல் மெல்ல இறங்கியது. யாரும் சொல்லாமலே ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தைத்து வைத்திருந்த சட்டையின் உள் ஓரங்களைக் கை ஊசியால் கட்ட ஆரம்பித்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் கை நல்ல கை. கண் கொஞ்சம் மங்கத் தொடங்கியிருந்தாலும் விரல் தவறாது. எங்கள் தெருவுக்கு அடுத்து, பழைய தமிழ் வணிகர் வம்சத்துச் சிட்டிகள் குடியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு அம்மாள் கெபாயா என்கிற மலாய் மேல்சட்டை தைக்கக் கொடுப்பார். நெற்றியில் விபூதி இருக்கும், பேச்செல்லாம் மலாயில் இருக்கும். அவர் ஒரு நாள் வாங்கிப் போக வந்தபோது கெபாயாவை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். என் தையலைப் பார்க்கவில்லை. ஓரத்தை விரலால் தடவி, "ஹாலுஸ், ஹாலுஸ்" என்றார். ரொம்ப நேர்த்தி என்று அர்த்தம். யார் செய்தது என்று கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டே சிரித்தார். அதன் பிறகு அந்த அம்மாள் வந்தால் என்னைத் தாண்டிப் போய் அண்ணியிடம் துணியைக் கொடுப்பார்.

எனக்கு வயிறு எரிந்தது. என் தையலை எலி கடித்தது என்று சொன்ன வாய்க்கு, என் வீட்டில், என் துணியில் பாராட்டா என்று எரிந்தது. ஓவர்லாக் மிஷின் வாங்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அப்போதெல்லாம் அது வீட்டில் வைத்துக்கொள்கிற சாமான் இல்லை. பெரிய தையல் கடைகளில்தான் இருக்கும். பூங்கா ராயா கடைத்தெருப் பக்கம் பழைய மிஷின்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிற ஒரு தவுக்கே, சீனக் கடை முதலாளி, இருந்தார். சிங்கப்பூரில் ஏதோ சட்டைத் தொழிற்சாலை மூடியதில் இரண்டு ஓவர்லாக் வந்திருக்கிறது என்று என் சீனத் தையல்காரி சொன்னாள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். சாதாரண மிஷினிலேயே மாட்டிக்கொள்கிற சின்னப் பாதம் ஒன்று கிடைக்குமே, அது போதாதா என்றார். அது ஓரத்தை மடக்கும், கட்டாது என்று விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. சரி என்றார். எதற்கும் சரி என்கிற மனிதர் அவர்.

தனியாகப் போய் வாங்கியிருக்கலாம். நான் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஓரத்த பத்தி உங்களுக்குத்தான் தெரியும், அண்ணி. நீங்க பாத்து, இதுன்னு சொன்னா வாங்கிடலாம்," என்றேன்.

அப்படி நான் அவரை எதற்கும் அழைத்ததில்லை. பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். எந்த மிஷின், அது என்ன செய்யும் என்று வழியில் நான் வாயே திறக்கவில்லை.

கடையில் இரண்டு மிஷினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கறுப்பாக, கனமாக, இரண்டு நூலில் தைப்பது. மற்றது ஜப்பான் மிஷின், உருவத்தில் சின்னது, மூன்று நூல். தவுக்கே ஒரு துண்டு மல்லுத் துணியைக் கறுப்பு மிஷினில் விட்டு மிதித்தார். கத்தி ஓரத்தை வெட்டிக்கொண்டே போனது, பின்னால் நூல் பின்னிக்கொண்டே வந்தது. ஒரு முழம் ஓரம் முடிய, மூச்சு இழுத்து விடும் நேரம்தான். நான் மிஷினைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம் இருந்தது. பிறகு அது போய்விட்டது. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு, அண்ணி?" என்றேன்.

துணியை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"இது நிக்காது. ரெண்டு தோய்ச்சல்ல நூல் கழண்டுக்கும்," என்றார்.

தவுக்கே ஜப்பான் மிஷினில் விட்டார். அந்தத் துண்டை அண்ணி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். இதுவும் நிற்காது, கையில் செய்கிற மாதிரி வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வீட்டுக்காரரிடம் போய் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அண்ணி சொல்லவில்லை.

"இது நல்ல தையல். சுருங்கல, இழுத்தா விடல. வாங்குறதுன்னா இத வாங்கு," என்றார். பிறகு தவுக்கேயிடம் மலாயில், மோட்டார் வேண்டாம், காலால் மிதிக்கிற மேசையே போதும், வேகம் கூடினால் கத்தி துணியைத் தின்றுவிடும் என்றும் சொன்னார். தவுக்கே தலையாட்டினார். இந்த அம்மாவுக்கு விஷயம் தெரியும் என்று என்னிடம் சொன்னார்.

மூன்று நூலையும் எப்படிக் கோர்ப்பது என்று தவுக்கே எனக்குக் காட்டினார். ஊசிக்கு ஒரு நூல். மற்ற இரண்டும் உள்ளே இருக்கிற இரண்டு கொக்கிகளுக்கு, பொடிப் பொடித் துளைகளின் வழியாக, சாமணத்தால் பிடித்து இழுத்துக் கோர்க்க வேண்டும். ஒரு முறை கோர்த்துவிட்டால் பிறகு சுலபம். புது நூலைப் பழைய நூலின் முனையில் முடிந்து இழுத்தால் தானாகப் போய்விடும். நூலை முழுசாக மட்டும் வெளியே எடுத்துவிடாதே, கண் போய்விடும் என்றார். அண்ணி அப்போது கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது சைக்கிள் ரிக்‌ஷாவில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து வந்தோம். பாதி தூரம் வந்ததும் அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"இது வந்துட்டா எனக்கு என்ன வேல?" என்று கேட்டார்.

"பித்தான் தைக்கலாமே," என்றேன்.

அந்தப் பதிலை நான் இரண்டு நாள் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தேன்.

மிஷின் வந்தது. சன்னல் ஓரத்தில், அண்ணி பாய் விரித்து உட்காரும் இடத்தில் அதைப் போட்டேன். வேறு இடம் இல்லாமலில்லை. அந்த இடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அண்ணி பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். கத்தி வெட்டித் தள்ளுகிற துணித் துணுக்கு மிஷினுக்குக் கீழே குவியும். அதைக் கூட்டுவது அவர் வேலை ஆயிற்று.

சிட்டி அம்மாள் வந்து, புது ஓரத்தைப் பார்த்து, இதுவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்தான், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு நிறைவாக இருந்தது.

ஒரு நாள் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தபோது மிஷின் மேல் ஒரு துணித் துண்டு கிடந்தது. ஓரம் அடித்துப் பார்த்திருக்கிறார். கோணல்மாணலாக இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

"தொடாதீங்க, அண்ணி. கெட்டுப் போனா யாரு பாக்குறது?"

"சும்மா பழகிப் பாத்தேன்," என்றார்.

அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போதெல்லாம் மூன்று நூலையும் உருவி எடுத்துவிட்டுப் போவேன். நுனிகூட விடமாட்டேன். திரும்பி வந்து மறுபடி கோர்க்க எனக்கே வேலைதான். பரவாயில்லை என்று செய்தேன்.

ஒரு மத்தியானம் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். குடையை மறந்திருந்தேன். சன்னலுக்கு வெளியே வந்தபோது அண்ணி மிஷின் முன்னால் இருந்தார். மிஷினின் மூடியைத் திறந்துவிட்டு, மூக்கு இரும்பில் உரசுகிற மாதிரி குனிந்து, சாமணத்தால் நூலைக் கீழ்க் கொக்கிக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நுழையவில்லை. நுனியை வாயில் வைத்து ஈரமாக்கினார். மறுபடி நுழைத்தார். நூல் மடங்கியது. வெட்டிவிட்டு மறுபடி ஈரமாக்கினார். முகம் வேர்த்துப் பொட்டு கரைந்து மூக்கில் இறங்கியது. முன்தானையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

நான் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே போய் இப்படித்தான் என்று காட்ட ஐந்து நிமிஷம் ஆகாது. தொடாதீங்க என்று சத்தம் போட்டு நிறுத்தியிருக்கலாம், அதுகூட ஒரு விதத்தில் இரக்கமாக இருந்திருக்கும். இரண்டும் செய்யவில்லை. அவர் கடைசியில் சாமணத்தை வைத்துவிட்டு இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் கோவிலுக்குப் போனேன். குடை இல்லாமலே போனேன்.

மெர்டேக்கா நெருங்கியது. டவுனெல்லாம் தோரணம் கட்ட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடாங் மைதானத்தில் அணிவகுத்துப் போக வேண்டும் என்று, பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூட டீச்சர் பதினெட்டுப் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். துணி அளந்து கொடுத்தது, ஒரு முழம்கூட அதிகமில்லை. வெட்டித் தைத்து முடித்தேன். ஓரம் அடிப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துச் சிரம்பானில் என் தங்கை கல்யாணம். வந்து அடித்துக்கொள்ளலாம் என்று, நூலை உருவி எடுத்துவிட்டு, வீட்டுக்காரரையும் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நாள்.

திரும்பி வந்தபோது பதினெட்டுச் சட்டையும் மடித்து மேசையில் அடுக்கியிருந்தது. அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார்.

"முடிச்சிட்டேன். டீச்சர் வந்து மேல இருந்த ரெண்டு சட்டைய எடுத்துப் பாத்துட்டுப் போச்சு. பள்ளிக்கூடம் முழுக்க நம்மகிட்டயே குடுக்கிறேன்னு சொல்லிச்சு. யாரு ஓரம் அடிச்சதுன்னு கேட்டுச்சு. நான்னு சொன்னேன்," என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் அத்தனை நீளமாக என்னிடம் பேசியது அதுதான்.

மிஷினடியில் ஒரு சிகரெட் பெட்டி அட்டை கிடந்தது. அதில் பென்சிலால் மிஷினை வரைந்து, மூன்று நூலும் போகிற வழியைச் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் கோடு போட்டிருந்தது. நாங்கள் ஊரில் இல்லாதபோது அண்ணி பூங்கா ராயா வரைக்கும் நடந்தே போய்த் தவுக்கேயிடம் கேட்டு எழுதி வாங்கி வந்திருக்கிறார். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டேன்.

பிறகு சட்டைகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு தப்பாவது கிடைக்கும் என்று பார்த்தேன். ஓவர்லாக்கில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு தப்பு கட்டாயம் வரும். அடியில் துணி மடிந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவார்கள், கத்தி அதையும் சேர்த்து வெட்டிவிடும். அப்படி ஒன்றும் இல்லை. பதினெட்டும் சுத்தம். ஓரம் முடிகிற இடத்தில் மிஷின் ஒரு விரல் நீளத்துக்கு நூலை வால் மாதிரி தொங்க விடும். நான் அதை அப்படியே நறுக்கிவிடுவேன். அண்ணி ஒவ்வொரு வாலையும் கை ஊசியில் கோர்த்துத் தையலுக்குள் செருகி மறைத்திருந்தார்.

அண்ணி குளிக்கப் போனார். வீட்டுக்காரர் மகனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போயிருந்தார். நான் ஒரு சட்டையை எடுத்தேன். இடுப்புப் பக்கத்தை அடியில் ஒரு மடிப்பு மடித்து, மிஷினில் வைத்து மிதித்தேன். கத்தி அதையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போனது. விரித்துப் பார்த்தேன். சட்டையின் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

அதை அடுக்கின் நடுவில் வைத்தேன். சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"பாத்தீங்களா? கண்ணு தெரியாதவங்க மிஷின்ல கைய வச்சா இப்படித்தான். துணி அளந்து குடுத்தது. இப்ப டீச்சர்கிட்ட என்ன சொல்றது?"

அவர் அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி சட்டையை வாங்கி விளக்கடியில் பிடித்தார். விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். வெட்டுப்பட்ட இடம் வந்ததும் விரல் நின்றது.

"இது என் கை இல்ல, தம்பி."

"பின்ன யாரு கை?"

"வால் தொங்குது பாரு. நான் வால விடமாட்டேன். மத்தது எல்லாத்தையும் எடுத்துப் பாரு."

வீட்டுக்காரர் எடுத்துப் பார்க்கவில்லை. சட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன், அதற்கு எனக்குத் துணிச்சல் இருந்தது.

"நான் வெட்டினேன்னு சொல்றீங்களா, அண்ணி? எனக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அதுக்காக நான் யாரோட துணியையும் பாழாக்க மாட்டேன்," என்றேன்.

இரண்டு நாள் நான் சமைக்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர், புக்கிட் ரம்பாய்ப் பக்கம், ஜப்பான்காரன் காலத்தோடு தோட்டத்து வேலைக்குப் போய்விட்ட தன் தம்பி வீட்டுக்கு அண்ணியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அங்கே நாலு பிள்ளைகள். தம்பியும் பெண்சாதியும் விடியுமுன்னே பால் வெட்டுக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். டவுனில் வளர்ந்த கிராணி வீட்டுப் பெண் லயத்துக்குப் போனார். ஒரு துணிப்பெட்டி, ஒரு பாய். கிளம்பும்போது என் மகனை முத்தமிட்டார். நான் மிஷினில்தான் இருந்தேன், எழுந்திருக்கவில்லை.

டீச்சரிடம் பதினேழு சட்டை கொடுத்தேன். பதினெட்டாவதுக்குத் துணி கிடைக்கவில்லை, அதே வெள்ளையும் கடையில் தீர்ந்துவிட்டது. டீச்சர் ஒரு பெண்ணை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். அணிவகுப்பு போனபோது அந்தப் பெண் பழைய கவுனில் எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்று, மற்றப் பிள்ளைகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். கூட்டம் கத்திய கத்தலில் நானும் கத்தினேன்.

அதன் பிறகு தையல் நன்றாகப் போயிற்று. டீச்சர் சொன்னபடி பள்ளிக்கூட வேலை முழுக்க வந்தது. வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். ஆனால் ஓரம் அடித்து முடிக்கும்போதெல்லாம் வாலை நறுக்கக் கத்தரிக்கோலை எடுப்பேன், கை ஒரு கணம் நிற்கும். நாலு வருடம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் புக்கிட் ரம்பாய்க்குப் போனேன்.

லயத்து வீட்டுப் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிள்ளை. ரொம்ப இளைத்திருந்தார். நான் கிட்டப் போய்ப் பேசிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி கலந்து கொடுத்தார். கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அந்தச் சட்டைய வெட்டினது நான்தான், அண்ணி."

"தெரியும்," என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே. தம்பி கேக்கல."

பிள்ளையை இந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"இங்க சோறு கம்மிதான். ஏச்சுப்பேச்சு கம்மியில்ல," என்றார். "ஆனா என்னைய வேண்டாங்குறதுக்கு என்னையவே கடைக்குக் கூட்டிட்டுப் போற ஆள் இங்க இல்ல."

நான் முன்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது," என்றார் பிறகு. "தம்பிகிட்ட சொல்லு. அவன் என்னைய குருடின்னு நினைச்சு அனுப்பினான். அது எனக்கு ஒரே கொடச்சலா இருக்கு. அத மட்டும் சொல்லிடு."

சொல்வதாகச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். அந்த வாரமே சொன்னேன். வீட்டுக்காரர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மடக்கி வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார்.

நான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா பொய் சொல்லாது. வால் தொங்குனதையும் பாத்தேன். வீட்டுல தினமும் ரெண்டு பேரும் மொறச்சிக்கிட்டு இருந்தீங்க. யாராவது ஒருத்தர் போனா சத்தம் இருக்காதுன்னு விட்டுட்டேன். இப்ப எதுக்குக் கிளறுற?"

பத்திரிகையை மறுபடி பிரித்துக்கொண்டார். அத்தனை வருடமும் அந்த வீட்டில் கல் நெஞ்சக்காரி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். அண்ணி எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அழுதாரு, அண்ணி. உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு அழுதாரு. லீவு கெடைச்சதும் வர்றேன்னாரு," என்றேன்.

அண்ணி சிரித்தார். வாய் கொள்ளாமல் சிரித்தார். எனக்குச் சோறு போட்டு, சாப்பிடும் வரை பக்கத்தில் இருந்தார். அந்த ஒரு நாள்தான் என்னிடம் பிரியமாக இருந்தார்.

அந்தப் பொய் நான் செய்த மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டது. வீட்டுக்காரரின் தம்பி பெண்சாதியை ஒரு நாள் பாசாரில் பார்த்தேன்.

"அண்ணி ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் குளிச்சு, நல்ல சீலை கட்டிக்கிட்டு ரோட்டுப் பக்கம் போயி ஒக்காந்துடுது," என்றாள். "கடைசி பஸ் போற வரைக்கும் வராது. பெரியவரு வரப் போறாருன்னு சொல்லுது. அவரு எதுக்கு வரப் போறாரு?"

வீட்டுக்குப் போய், போய்விட்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். ஒரு பொங்கல் முடிந்து போனார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"என்ன பேசுனீங்க?" என்றேன்.

"ஒண்ணும் பேசல. கண்ணு சுத்தமா போச்சு அதுக்கு. கையப் புடிச்சிக்கிட்டே இருந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வந்துட்டேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். நான் குழம்பு ஊற்றினேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அண்ணி காய்ச்சலில் செத்துப்போனார். சேதி காலையில் வந்தது. வீட்டுக்காரர் உடனே கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், மேசையில் இருபத்தைந்து சட்டை அடுக்கி இருந்தது. வேலை இருக்கிறது, நீங்கள் போங்கள் என்றேன். அவர் சரி என்று போனார். நான் சாயங்காலம் வரை உட்கார்ந்து இருபத்தைந்துக்கும் ஓரம் அடித்தேன்.